ஒரு மலைச்சரிவு, ஒரு குகை, ஒரு பெயர்

"மேட்டாங்காடு, மழை குறைவு, செம்மறிதான் பிழைப்பு. இதை வைத்து என்ன செய்ய முடியும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதே நிலையில் இருந்த ஒரு பிரெஞ்சு சிற்றூரின் கதையைச் சொல்கிறேன்.

தெற்கு பிரான்சில், அவேரோன் மாவட்டத்தில் இருக்கிறது ரோக்ஃபோர். மக்கள்தொகை சுமார் 600. சுற்றிலும் லார்ஸாக் எனும் சுண்ணாம்புக்கல் பீடபூமி. பெய்யும் மழை பாறைப் பிளவுகளில் இறங்கிவிடும். மேல்மண்ணோ மிகக் குறைவு. தானியம் சரியாக விளையாது. எனவே செம்மறி மேய்த்தார்கள்.

மலை கொடுத்த குளிர்பதன அறை

ஊருக்கு மேலே உள்ள கொம்பாலு மலையின் விளிம்பு பழங்காலத்தில் சரிந்தது. அந்த இடிபாடுகளுக்கு இடையே குகைகள் உருவாயின. பாறை வெடிப்புகள் வழியாக ஈரக்காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. வெப்பநிலை 8 முதல் 12 டிகிரி. ஈரப்பதம் சுமார் 95 சதவீதம். நீலப் பூஞ்சணம் வளர இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

மேய்ப்பன் ஒருவன் குகையில் மறந்து வைத்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பூஞ்சணம் பூத்துச் சுவையானதாக ஊரார் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முறை இதுதான்: லாக்கோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலில் கட்டி செய்து, 'பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி' பூஞ்சணம் சேர்ப்பார்கள். காற்று புக ஊசியால் துளையிட்டு, குகையில் வைத்துப் பிறகு முதிர விடுவார்கள். மொத்தம் குறைந்தது 90 நாட்கள். ரை ரொட்டியில் பூஞ்சணம் வளர்த்தெடுப்பது பழைய வழக்கம்.

பெயரைக் காத்த வரலாறு

1411-ல் மன்னர் ஆறாம் சார்லஸ், ரோக்ஃபோர் குகைகளில் முதிர வைக்கும் உரிமையை இவ்வூராருக்கே அளித்தார். 1666-ல் துலூஸ் நீதிமன்றம் போலிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1925-ல் தனிச்சட்டம் வந்தது. பிரான்சில் ஒரு பாலாடைக்கட்டியின் பெயருக்குக் கிடைத்த முதல் சட்டப் பாதுகாப்பு இதுவே. 1930-ல் பால் உற்பத்தியாளர்களும் தயாரிப்பாளர்களும் ஒரே கூட்டமைப்பில் இணைந்தனர்.

ஆனால் பெயர் மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடாது. 1999-ல் ஹார்மோன் மாட்டிறைச்சித் தகராறில் அமெரிக்கா ரோக்ஃபோருக்கு 100 சதவீத வரி போட்டது. தகராறு இறைச்சியைப் பற்றியது; அடி விழுந்ததோ செம்மறி வளர்த்தவர்கள் மீது. கொதித்த விவசாயிகள், அருகிலுள்ள மில்லோ நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்துப்போட்டனர். அவர்களில் ஒருவரான செம்மறி வளர்ப்பாளர் ஜோசே போவே சிறை சென்றார்.

நமக்கு என்ன?

இதை அப்படியே நாம் செய்ய முடியாது. நம் செம்மறிகள் கறவைக்கானவை அல்ல. என் பணிக்காலம் முழுவதும் 'மகசூலைக் கூட்டுங்கள்' என்றுதான் கூட்டங்களில் அதிகம் பேசியிருக்கிறேன். 'உங்கள் ஊரில் மட்டும் கிடைப்பது எது?' என்று கேட்டது குறைவு. அந்த வாசகருக்கு என் பதில், இந்தக் கேள்விதான். விடை கிடைத்தால் தனியாளாக விற்கப் போகாதீர்கள். முதலில் ஊராகச் சேர்ந்து, தரத்துக்கு ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள்.