உங்களுக்குத் தெரியுமா? சொல் ஒன்று, பொருள் இரண்டு

இரு நாட்டு மாணவர்கள் இணையவழி சேர்ந்து படிப்பது கொரோனா காலத்தில் பிறந்த வழக்கம் அல்ல. 1997-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘குல்துரா’ என்ற பாடமுறை தொடங்கியது. அமெரிக்க, பிரெஞ்சு மாணவர்களுக்கு ஒரே சொல்லைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதைத் தத்தம் தாய்மொழியில் எழுதச் சொன்னார்கள். ‘தனிமனிதவாதம்’ என்றதும் அமெரிக்கர் பலருக்குச் சுதந்திரம் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் பலருக்குச் சுயநலம்! பேச்சு அங்கேதான் சூடுபிடித்தது.

இப்படி ஒன்றையே இரு விதமாகப் பார்த்துப் பேச நம் அழகர்கோவிலைவிட நல்ல பாடம் ஏது? கள்ளழகர் ஏன் மலையிறங்கி வைகைக்கு வருகிறார்? தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு என்பார்கள் மக்கள். மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க என்கிறது கோயில் மரபு. மதுரை மாணவர்களே, வெளிநாட்டுத் தோழர் திரையில் வந்தால் இரண்டு கதையையும் சொல்லுங்கள்.