கச்சான் காற்றும் கிணற்று நீரும்

எழுவான்கரை மணற்பகுதியில் தோட்டம் செய்வோருக்குக் கச்சான் என்றாலே சலிப்புத்தான். மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டைக் கடந்து வரும் அக்காற்று, ஈரத்தை மறுபுறத்திலேயே இறக்கிவிட்டு எமக்கு வெக்கையை மட்டுமே கொண்டுவருகிறது. கத்தரியும் மிளகாயும் வாடுவது அப்போதுதான். கிணற்றில் பம்பி ஓயாமல் ஓடுவதும் அப்போதுதான். 2022இல் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. வாட்டுகின்ற காற்றையே நீர் இறைக்கவும் வைத்தால் என்ன?

இது புதிய எண்ணமல்ல. 1970களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் உதவியுடன் நீர்வளச் சபை காற்றாடிப் பம்பிகளை உருவாக்கி, உலர்வலயத்தில் பல கிணறுகளில் பொருத்தியது. ஆயினும், தோளில் தூக்கிச் செல்லக்கூடிய எஞ்சின் பம்பியுடன் அவற்றால் போட்டியிட முடியவில்லை.

காற்றாடி வைக்க விரும்புவோர் ஒரு கணக்கை அறிந்திருக்க வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் அதன் சக்தி பாதியாவதில்லை; எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே தென்னைகளுக்கு நடுவே தாழ்வாக நட்ட காற்றாடி அழகுக்குத்தான் உதவும். அது மரங்களுக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களுக்கு அடுத்ததைச் சொல்லத் தேவையில்லை: கம்பத்தைச் சாய்த்து இறக்கக்கூடியதாக அமைப்பது நல்லது. காற்று நாம் விரும்பும் நேரத்தில் வீசாது. ஆகவே ஒரு சீமெந்துத் தொட்டியும் வேண்டும்.

வாவியோரத்தில் காற்றாடிக்குத் தனியான ஒரு நன்மை உண்டு. மணலின் கீழே நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கிறது. எஞ்சின் வேகமாக உறிஞ்சும்போது உவர் மேலெழுகிறது. காற்றாடியோ சிறிது சிறிதாகவே இறைக்கும். சூரியப் பம்பியும் அவ்வாறு மெதுவாக இறைக்கும். இன்று அதன் விலையும் குறைந்திருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும்.

பெரிய காற்றாலைகளின் கதை வேறு. மன்னாரில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள் உள்ளன, கொள்ளளவு 103.5 மெகாவாட். அந்த மின்சாரம் தேசிய மின்கட்டமைப்புக்கே செல்கிறது. புதிய காற்றாலைகளால் வெள்ளம் வடியாது, கரைவலைத் தொழில் கெடும் என அஞ்சிய தீவு மக்கள் 2025இல் வீதியில் இறங்கினர். அத்தகைய திட்டம் எமது கரைக்கு வந்தால், வாய்க்காலை யார் வெட்டுவது, காணிக் குத்தகை யாருக்கு என்பவற்றை அத்திவாரம் வெட்டுமுன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

சிறிய காற்றாடிக்கோ முதலில் ஒரு கச்சான் பருவம் காத்திருங்கள். காற்று எந்த நேரத்தில் எழுகிறது, எப்போது ஓய்கிறது என்று கொப்பியில் குறியுங்கள். காலையிலும் மாலையிலும் கிணற்று நீரை நாவில் வைத்துப் பாருங்கள்.