பால்பல் வைத்திருக்கும் கணக்கு

ரத்தத்தில் கலந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஆறு வயதுப் பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் அண்மைக் கணக்குதான் கிடைக்கும். தாய் வயிற்றில் இருந்தபோது என்ன சேர்ந்தது என்பதை அதே வயதில் ஆடி விழும் முன்பல்லிடம் கேட்கலாம்.

கருவுற்ற நான்காம் மாதவாக்கில் பால்பல் கெட்டிப்படத் தொடங்குகிறது. எனாமலும் அதன் அடியிலுள்ள டென்டினும் மெல்லிய படலங்களாக வளரும்போது, ரத்தத்தில் ஓடும் ஈயம் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாங்கனீசு, ஸ்ட்ரான்சியம், பேரியமும் அப்படியே பதிகின்றன. எலும்பு தன்னைக் கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும். எனாமல் அப்படிச் செய்வதில்லை. பிறந்த நாளும் அதில் ஒரு கோடாக விழுந்திருக்கும். கோட்டுக்கு முந்தியது கருவறைக் காலம், பிந்தியது தொட்டில் காலம். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் மனீஷ் அரோராவின் குழு, பல்லை நெடுக அறுத்து, லேசரால் புள்ளிபுள்ளியாகச் சுரண்டி, எந்த வாரவாக்கில் எந்த உலோகம் வந்தது என்றே படிக்கிறது.

நாம் கூரைமேல் எறியும் பல்லை, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் 1958 முதல் சேர்த்துவைத்தது. பல் கொடுத்த பிள்ளைக்கு ஒரு பேட்ஜ். மூன்று லட்சம் பற்கள் வரை திரண்டன. அணுகுண்டுச் சோதனைகள் பெருகிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் பற்களில் கதிரியக்க ஸ்ட்ரான்சியம்-90 ஏறியிருந்தது. 1979-இல் ஆய்வாளர் ஹெர்பர்ட் நீடில்மேன், பால்பல்லின் டென்டினில் ஈயம் மிகுந்த மாணவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்குவதைக் காட்டினார்.

திருப்பூரில் இந்த முறைக்கு வேலை இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு 2017 வாக்கில் முன்பல் விழுந்திருக்கும். ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவில் பெருஞ்சுமை உப்பு; அதைப் பல்லில் தேடிப் பயனில்லை. ஈயத்தைப் பல் சொல்லும், அது எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் இடம், குடிநீர் என்று ஒவ்வொன்றாகத் தனியே தேட வேண்டும்.

பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல்தான் முற்றாக நின்றது. அதற்குமுன் ஏதோ ஒரு நகரத்துச் சாலையோரம் வளர்ந்த பெண்ணின் எலும்பில் அந்த ஈயம் தங்கியிருக்கும். கர்ப்பகாலத்தில் கால்சியத்தோடு அதுவும் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. திருப்பூர்ப் பிள்ளையின் பல்லில் பிறப்புக்கோட்டுக்கு முன்னால் தெரியும் ஈயத்தில் ஒரு பங்கு, அம்மா சின்ன வயதில் சுவாசித்ததாகவும் இருக்கலாம்.