பிஎஸ்2-வா, ஸ்விட்ச்சா... அதிகம் விற்ற கேம் கன்சோல் எது? அந்தக் கணக்கில் காரியாபட்டி எங்கே?

“மச்சான், ஸ்விட்ச்தான்டா இப்ப நம்பர் ஒன். வேணும்னா நெட்ல பாரு.”

“போடா, பிஎஸ்2-வை இன்னும் ஒருத்தனும் தொடல.”

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் நடந்த பேச்சு இது. ஒருவர் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் டிசைனர். இன்னொருவர் தினமும் மதுரைக்கு பஸ் ஏறும் ஐடி ஊழியர். டிசைனருக்கு தீபாவளி போனஸ் வந்திருக்கிறது. அதில் கொஞ்சம் கைக்காசு சேர்த்து ஒரு கன்சோல் வாங்கலாம் என்று யோசனை. எதை வாங்குவது என்று ஆரம்பித்த பேச்சு, எது அதிகம் விற்றது என்று திரும்பி, டீ ஆறிப்போகிற வரைக்கும் நீண்டது. ரெண்டு பேரும் போனை நீட்டி நீட்டி எண்களைக் காட்டினார்கள். ஆனால், அந்த எண் எதை எண்ணியது என்று ரெண்டு பேருமே கேட்கவில்லை.

40 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய் போடப்போகிற ஒருவருக்கு அந்தக் கேள்வி முக்கியம். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு கம்பெனி இந்த ஊருக்கு சரக்கு அனுப்பலாமா, சர்வீஸ் கொடுக்கலாமா, புது கேம் போடலாமா என்று முடிவு செய்கிறது.

முதலில் அந்த எண்கள்

சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச் 4-ம் தேதி கடைக்கு வந்தது. 2013 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மொத்தம் 16 கோடிக்கு மேல் என்கிறது சோனி. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ் 15.40 கோடி. அதே கம்பெனியின் ஸ்விட்ச், 2025 மார்ச் இறுதி வரையில் 15.21 கோடி. பழைய கேம் பாய், அதன் கலர் மாடலையும் சேர்த்து, 11.87 கோடி. பிஎஸ்4 11.7 கோடி. பிஎஸ்5, 2025 மார்ச் வரை 7.78 கோடி.

அப்படியென்றால் ஐடி நண்பர் சொன்னதுதான் சரியா? இங்கேதான் ஒரு கதை இருக்கிறது. பல வருடங்களாக பிஎஸ்2-வின் கணக்கு 15.5 கோடி என்றுதான் இருந்தது. ஸ்விட்ச் எப்போது அதைத் தாண்டும் என்று நிண்டெண்டோ ரசிகர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2024-ல், பிளேஸ்டேஷன் பிரிவின் தலைவராக இருந்த ஜிம் ரயான் ஓய்வு பெறும் நேரத்தில் கொடுத்த ஒரு பேட்டியில் 16 கோடி என்று சொன்னார். அந்த வருடக் கடைசியில், பிளேஸ்டேஷனின் 30-வது ஆண்டையொட்டி சோனியின் தளத்திலும் ‘16 கோடிக்கு மேல்’ என்று ஏறியது. ஓட்டப்பந்தயத்தில் கயிறு 50 லட்சம் அடி தள்ளிப்போன மாதிரி ஆகிவிட்டது.

சோனி பொய் சொன்னதாக நினைக்க வேண்டியதில்லை. 15.5 கோடி என்பது 2012 மார்ச் வரைக்குமான கணக்கு. அதற்குப் பிறகும் பெட்டி விற்றது. தனிக்கணக்கு சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும், 12 வருடம் சும்மா இருந்துவிட்டு போட்டியாளர் கிட்டே வரும்போது மீதியைச் சொன்னால், நேரம் பார்த்துச் சொன்னார்கள் என்று முணுமுணுப்பு வரத்தானே செய்யும்?

‘விற்றது’ என்றால் என்ன?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிவகாசி பட்டாசு ஆலை ஒன்று டெல்லி வியாபாரிக்கு லாரியில் சரக்கை ஏற்றிவிட்டால், ஆலையின் கணக்கில் அது விற்பனை. ஆனால் அந்தப் பட்டாசை யாராவது வாங்கி வெடித்தார்களா? 2017 அக்டோபர் 9-ம் தேதி, தீபாவளிக்கு 10 நாள் இருக்கும்போது, டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதற்குள் சரக்கு டெல்லி குடோன்களுக்குப் போய்விட்டது. சிவகாசி நோட்டில் ‘போனது’, டெல்லி குடோனில் ‘கிடந்தது’. ரெண்டுமே உண்மை.

கன்சோல் கம்பெனிகள் முதலீட்டாளர்களுக்குச் சொல்லும் எண் பெரும்பாலும் இந்த முதல் வகைதான். கடைக்காரருக்கோ மொத்த வியாபாரிக்கோ அனுப்பிய எண்ணிக்கை. சோனி 2007 வரை இன்னும் ஒரு படி முன்னால் நின்றது. ஃபேக்டரியிலிருந்து கிளம்பிய பெட்டிகளை எண்ணியது. அதன் பிறகுதான், கணக்கில் விற்பனையாகப் பதிவானதை எண்ணும் முறைக்கு மாறியது. கடையில் வாடிக்கையாளர் கைக்குப் போன எண்ணிக்கை வேறு. 2023 டிசம்பரில் ‘பிஎஸ்5 5 கோடியைத் தொட்டது’ என்று சோனி கொண்டாடியது அந்த வகை.

இந்த ரெண்டுக்கும் நடுவில் பள்ளம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய பாடம் உண்டு. 1982-ல் அட்டாரி கம்பெனி ‘இ.டி.’ சினிமாவை வைத்து அவசர அவசரமாக ஒரு கேம் செய்து, லட்சக்கணக்கில் கேசட் அடித்துக் கடைகளுக்கு அனுப்பியது. விற்காமல் பெருமளவு திரும்பி வந்தது. 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு குப்பைக்கிடங்கில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தார்கள். ரொம்ப காலம் அது கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். 2014-ல் தோண்டியபோது கேசட்டுகள் வெளியே வந்தன.

பிஎஸ்2 மாதிரி பழைய பெட்டிக்கு இந்த வித்தியாசம் இப்போது பெரிதாக இல்லை. இத்தனை வருடத்தில் குடோனில் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும். புதுசாக வந்த கருவிக்கு முதல் வருடத்தில் ‘இத்தனை லட்சம் போச்சு’ என்று செய்தி வரும்போதுதான் கவனம் வேண்டும்.

சொல்லவே மாட்டேன் என்பவர்கள்

மைக்ரோசாஃப்ட் 2015-லேயே எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்றது என்று சொல்வதை நிறுத்திவிட்டது. ஜெயிக்கிறவர் மார்க் ஷீட்டை மறைக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். 2022-ல் ஆக்டிவிஷன் கம்பெனியை வாங்க பிரேசில் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பிடம் அனுமதி கேட்டபோது, ‘நாங்கள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை’ என்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. அப்போதுதான், போன தலைமுறையில் சோனி தங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்றது என்று அவர்களே எழுதிக்கொடுத்தார்கள்.

சோனியும் சளைத்ததில்லை. கையடக்க பிஎஸ்பி-க்குப் பிறகு வந்த வீட்டா சரியாகப் போகவில்லை. உடனே ரெண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் கணக்குச் சொன்னார்கள், பிறகு அதையும் விட்டார்கள். 2022-ல் ஸ்டீம் டெக் கொண்டுவந்த வால்வ் கம்பெனியும் தொடர்ச்சியாக எண் தருவதில்லை. அதனால் ‘ஸ்டீம் டெக்கா, ஸ்விட்ச்சா’ என்று யாராவது எண்ணை வைத்துச் சண்டை போட்டால், ஒரு பக்கத்து எண் யாரோ போட்ட மதிப்பீடு.

2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் போட்ட விளம்பரம் இன்னும் வேடிக்கை. போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் காட்டி ‘இது ஒரு எக்ஸ்பாக்ஸ்’ என்றது. எல்லாமே எக்ஸ்பாக்ஸ் என்றால் எதைத்தான் எண்ணுவது?

பெட்டி வேற, ஆள் வேற

எக்ஸ்பாக்ஸ் 360-ல் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் வாரண்டியை நீட்டிக்க மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. வாரண்டி தாண்டியவர் இன்னொரு பெட்டி வாங்கினால், ஆள் ஒன்று, கணக்கில் ரெண்டு.

பிஎஸ்2-வின் வெற்றிக்கு டிவிடி ஒரு பெரிய காரணம். டிவிடி பிளேயர் விலை அதிகமாக இருந்த காலத்தில், கேமும் ஆடலாம், படமும் பார்க்கலாம் என்று வந்த பெட்டி. பலர் அதைப் படம் பார்க்கத்தான் வாங்கினார்கள்.

ஸ்விட்ச் கதை இதைவிட சுவாரஸ்யம். முன்பெல்லாம் நிண்டெண்டோ டிவிக்கு ஒரு பெட்டியும் கைக்கு ஒரு கருவியும் தனித்தனியாக விற்றது. அப்படி விற்ற கடைசி ஜோடி 3டிஎஸ்-ம் வீ யு-வும். 7.59 கோடி, 1.36 கோடி. இரண்டையும் கூட்டினால்கூட 9 கோடியைத் தொடவில்லை. 2017-ல் ரெண்டையும் ஒரே கருவியாக்கியதும் 15 கோடியைத் தாண்டியது. கையில் வைத்து ஆடும் கருவி என்பதால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்றும் போகும். பிஎஸ்2 அப்படியில்லை, ஹாலில் ஒன்று இருந்தால் போதும். இந்த ரெண்டையும் ஒரே தராசில் வைப்பது, வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் டிவியையும் ஆளுக்கு ஒன்றாக இருக்கும் செல்போனையும் எண்ணி எது பெரிது என்று கேட்பது மாதிரி.

என்னைக் கேட்டால், எத்தனை வீட்டில் நுழைந்தது என்று பார்த்தால் பிஎஸ்2 பக்கம்தான் சாய்வேன். நிண்டெண்டோ ரசிகர்கள் மன்னிக்கவும்.

நம்ம ஊர் எந்தக் கணக்கில்?

நிண்டெண்டோவின் முதல் பெரிய பெட்டியான ஃபேமிகாம், உலகம் முழுக்க 6.19 கோடி விற்றது. 1990-களில் நம் வீடுகளில் டிவியில் மாட்டி மரியோவும் கான்ட்ராவும் ஆடினோமே, அது இந்த 6.19 கோடியில் வராது. நாம் ஆடியது அதன் நகல். மஞ்சள் கலர் கேசட், மேலே ‘9999 இன் 1’ என்று லேபிள், போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். கிஃப்ட் பாக்ஸில் ஒரு விலையை அச்சடித்து 80 சதவீதம் தள்ளுபடி என்று எழுதுகிற ஊர்க்காரர்கள் நாம்; அந்த 9999-ஐப் பார்த்து ரொம்ப அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டோம். கேம் பாய்க்குப் பதில் நமக்குக் கிடைத்தது திருவிழாக் கடையில் தொங்கிய ‘பிரிக் கேம்’. எத்தனை லட்சம் விற்றது? எண்ணியவர் யாருமில்லை.

அதிகாரபூர்வமாக வந்தவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இந்தியாவில் இறக்கியது. அக்‌ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும் விளம்பரத்தில் வந்தார்கள். சோனி இங்கே வேறு வழியில் போனது. மேலைநாடுகள் பிஎஸ்3-க்கு மாறிய பிறகும் இந்தியாவில் பிஎஸ்2-வைத் தள்ளியது. 2009-ல் முழுக்க இந்தியாவிலேயே செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற கேமையும் அதில் வெளியிட்டது.

ஆனால் நம்மில் நிறைய பேர் பிஎஸ்2-வைத் தொட்டது கேம் சென்டரில். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பின்னால் நாலு பேர் ‘அடுத்து நான்’ என்று நிற்க. ஒரு பெட்டிக்குத் தெருவே ஆடியது. பெட்டியில் சிப் போட்டிருப்பார்கள், டிவிடி காப்பியாக இருக்கும். சோனி கணக்கில் அது ஒரே ஒரு விற்பனை. கேம் கம்பெனிக்குப் பல நேரம் ஜீரோ.

இதனால் நஷ்டம் யாருக்கு? கன்சோல் வியாபாரத்தில் பெட்டியில் லாபம் குறைவு, சில நேரம் நஷ்டம்கூட. பிஎஸ்3-ஐ ஆரம்பத்தில் அப்படித்தான் விற்றார்கள். லாபம் கேமில்தான் வரும். கேம் விற்காத ஊரில் பெட்டி இறக்க எந்தக் கம்பெனி ஆசைப்படும்? 2020 நவம்பரில் உலகம் முழுக்க வந்த பிஎஸ்5, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ம் தேதிதான் வந்தது. வந்த சரக்கும் முன்பதிவிலேயே சில நிமிடத்தில் காலி. ஜப்பானில் ஃபமித்சு பத்திரிகை வாராவாரம் எந்தப் பெட்டி எத்தனை விற்றது என்று போடுகிறது, அமெரிக்காவில் சர்கானா நிறுவனம் மாதாமாதம் நிலவரம் சொல்கிறது. நமக்கு அப்படி ஊரறிய ஒரு பட்டியல் கிடையாது.

நிண்டெண்டோ இன்னும் ஸ்விட்ச்சை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. 2025 ஜூன் 5-ம் தேதி வெளியாகி, நாலே நாளில் 35 லட்சம் போன ஸ்விட்ச் 2-வும் அப்படித்தான். இதில் மனசு சங்கடப்படும் விஷயம் ஒன்று உண்டு. கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் ‘வெண்பா’ என்று ஒரு கேம் வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம், இட்லி, புட்டு சமைப்பதுதான் ஆட்டமே. 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியது. அது வந்த கருவிகளில் ஸ்விட்ச்சும் ஒன்று. டொராண்டோவில் இருக்கும் தமிழ்ப்பிள்ளை கடையில் பில் போட்டு ஸ்விட்ச் வாங்கி அதை ஆடலாம். காரியாபட்டியில் இருப்பவர் இறக்குமதிக் கடையைத் தேட வேண்டும்.

அப்ப எதை வாங்குறது?

டிசைனர் நண்பருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். உலகக் கணக்கைவிட, மதுரையில் எது பில்லோடு கிடைக்கிறது, கெட்டுப்போனால் எங்கே கொடுப்பது என்று முதலில் பாருங்கள். அதில் பிளேஸ்டேஷன் கை ஓங்கியிருக்கிறது. ஸ்விட்ச் வாங்கினால் கேம் கார்டு எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும். ஆனால் ஆன்லைன் கடையில் இந்தியாவே கிடையாது, வேறு நாட்டுக் கணக்குதான் திறக்க வேண்டும், கம்பெனி வாரண்டியும் இங்கே எடுபடாது. கையில் பிடித்து ஆடும் கருவிதான் வேண்டும் என்றால் ஆசஸின் ராக் அலை இந்தியாவில் முறையாக விற்கிறது, ஸ்டீம் டெக் விற்பதில்லை. டிஸ்க் போடாத டிஜிட்டல் மாடல் விலை குறைவுதான். ஆனால் ஆடி முடித்த கேமை நண்பருக்குக் கொடுத்து மாற்றவோ, செகண்ட் ஹேண்டில் விற்கவோ முடியாது. நம்ம ஊரில் அந்த மாற்று வியாபாரம்தான் செலவைக் குறைக்கும்.

அவர் கடைசியில் போனஸில் பாதியைத்தான் செலவழித்தார். மதுரையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4, ரெண்டு கன்ட்ரோலர், அஞ்சு டிஸ்க். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் துபாயில் வாங்கிய ஸ்டிக்கர். சோனியின் 11.7 கோடியில் அது எப்போதோ துபாய் விற்பனையாக ஏறியிருக்கும். இப்போது காரியாபட்டியில் ஓடுகிறது. ஐடி நண்பர் சனிக்கிழமைதோறும் வந்து ஃபிஃபா ஆடித் தோற்றுவிட்டுப் போகிறார்.