வீடு கட்டப் பணம் தரும் அரசு, முதலில் கேட்பது பட்டாவை!

திருவண்ணாமலையில் அக்னி லிங்கத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் நடந்தால் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், அடுத்து ரமணாசிரமம். கார்த்திகை தீபத்தை ஒட்டிய மாதங்களில் இந்தப் பகுதியில் ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். அதற்கேற்ப வாடகையும் ஏறும், மனை விலையும் ஏறும்.

அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும், வாசலில் இளநீர் வெட்டுகிறவர்களும், கிரிவலப் பாதையில் பூ விற்கிறவர்களும் இதே ஊரில்தான் குடியிருக்க வேண்டும். சொந்த மனை வாங்குவது அவர்களுக்கு எட்டாக்கனி. அரசு வீட்டுத் திட்டம்தான் ஒரே வழி. திட்டங்களும் இருக்கின்றன. ஆனால், விண்ணப்பத்தில் வரும் சில சொற்களுக்குச் சரியான அர்த்தம் தெரியாமல் அலைகிறவர்கள் ஏராளம். அந்தச் சொற்களைப் பார்ப்போம்.

ஊராட்சியா, மாநகராட்சியா?

முதல் கேள்வியே இதுதான். கிராமத்துக்கு ஒரு திட்டம், நகரத்துக்கு வேறு திட்டம்.

தமிழக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' கிராமப்புறத்துக்கானது. 2024-25 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமப் பிரிவு தனி, நகரப் பிரிவு தனி. கிராமப் பிரிவுக்கும் கனவு இல்லத்துக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நகரப் பிரிவின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. சொந்த மனை வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் தானே வீடு கட்டிக்கொள்ள மத்திய அரசு 1.50 லட்சம் ரூபாய் தருகிறது. மாநில அரசு தன் பங்காகக் குறைந்தது 1 லட்சம் தர வேண்டும்.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. ஆக, நேற்றுவரை கிராமமாக இருந்த தெரு இன்று நகரம். புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள், தங்கள் தெரு இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தவறான கவுன்ட்டரில் பல மாதங்கள் போய்விடும்.

பட்டா வேறு, ரசீது வேறு

இந்தத் திட்டங்கள் வீடு கட்டத்தான் பணம் தருகின்றன, மனை வாங்க அல்ல. மனை உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்கு அரசு கேட்பது பட்டா. “முப்பது வருஷமா இங்கதான் இருக்கோம். கரன்ட் பில் இருக்கு, வீட்டு வரி ரசீது இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு” என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால், அவை நீங்கள் அங்கே குடியிருப்பதைத்தான் காட்டும். நிலம் உங்களுடையது என்று காட்டாது.

அரசு இலவசமாகக் கொடுத்த வீட்டுமனைப் பட்டா என்றால், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்பதுபோல இருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட மனையை வாங்கிச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

புறம்போக்கில் இரண்டு வகை

அரசு நிலத்தில் குடியிருப்பவர்களின் தலையெழுத்தை நிர்ணயிப்பது ஒரே ஒரு சொல். 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு' என்றால், அரசு மனது வைத்தால் வரன்முறை செய்து பட்டா தரலாம். 2025 பிப்ரவரியில் சென்னையைச் சுற்றியுள்ள பெல்ட் ஏரியாவிலும், மற்ற மாநகராட்சி, நகராட்சி, மாவட்டத் தலைநகரப் பகுதிகளிலும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்கத் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது இப்படித்தான்.

ஏரி, குளம், ஓடை போன்றவை 'ஆட்சேபணையுள்ள புறம்போக்கு'. இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் பட்டா எதிர்பார்க்க முடியாது. மலையில் உள்ள வன நிலமும் அப்படித்தான். இந்த இடங்களில் கேட்க வேண்டியது மாற்று இடம்.

இது வெறும் காகித விவகாரம் அல்ல. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண் சரிந்தது. வீட்டுக்குள் இருந்த 7 பேர் உயிரிழந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். மலிவாகக் கிடைக்கும் இடம் மலைச் சரிவாக இருக்கும்போது ஏழைக் குடும்பம் அங்கேதான் போகிறது. பாதுகாப்பான இடத்தில் மாற்று மனை கொடுக்காமல் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் குடும்பம் இன்னொரு சரிவைத் தேடித்தான் போகும்.

ஒரே பெயர், இரண்டு கணக்கு

'பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர்' என்ற சொல்லைக் கேட்டதும், “அது முற்பட்ட சாதியினருக்கான இட ஒதுக்கீடு, நமக்கு இல்லை” என்று ஒதுங்கிவிடுகிறார்கள் சிலர். தவறு. இட ஒதுக்கீட்டில் வரும் கணக்கு வேறு. அங்கே வருமான வரம்பு 8 லட்சம். வீட்டுத் திட்டத்தில் இந்தப் பிரிவுக்குச் சாதி வரம்பு இல்லை. நகரப் பிரிவில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் எந்தக் குடும்பமும் இந்தப் பிரிவில் வரும்.

'குடும்பம்' என்பதற்கும் தனி அர்த்தம் உண்டு. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கல்யாணமான மகன் தனிக் குடும்பம். அப்பா பெயரில் வீடு இருப்பது அவருக்குத் தடை இல்லை. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தனியாக வேறு ஒப்பந்தம் போடாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சீசனுக்கு ஆள் வருகிறார்கள் என்று திடீரென்று காலி செய்யச் சொல்லும்போது, கையில் இருக்கும் அந்தக் காகிதம்தான் பேசும்.

சரி, “உங்க ஆளுங்களுக்கு வீடு இல்லை” என்று சொன்னால்? அமெரிக்காவில் 1968-லேயே நியாயமான குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. இனம், மதம் பார்த்து வீடு மறுப்பது அங்கே சட்டவிரோதம். இந்தியாவில் அப்படி ஒரு முழுமையான சட்டம் இல்லை. ஆனால், தீண்டாமையின் பெயரால் ஒருவரை ஒரு பகுதியில் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ விடாமல் தடுப்பது 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மதத்தைக் காட்டியோ, சாப்பாட்டைக் காட்டியோ, தனியாக வாழும் பெண் என்பதைக் காட்டியோ தனியார் வீடு மறுக்கப்பட்டால் நேரடியாகக் கைகொடுக்கும் சட்டம்தான் இன்னும் இல்லை.

அரசு தானே வீடு கொடுக்கும் இடத்தில் இதைச் சரிசெய்ய முயன்றது தமிழ்நாடு. 1990-களின் இறுதியில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடுகள் என்றால் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம்.

இப்போது என்ன செய்யலாம்?

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ உங்கள் மனையின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது எந்த வகை நிலம் என்று பதிவேட்டில் இருக்கும். பட்டா வாங்க வழி உண்டா, மாற்று இடம் கேட்க வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு மனு எழுதுங்கள். திங்கட்கிழமைதோறும் வேங்கிக்காலில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. மனு கொடுத்ததும் ரசீதை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

“பத்தாயிரம் குடுங்க, லிஸ்ட்ல பேர் சேர்த்துடறேன்” என்று யாராவது வந்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்க மனை எந்தப் புறம்போக்குல வருது?”

பதில் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பதில் தெரிந்தவரிடமும் கொடுக்க வேண்டியதில்லை!