உளக்காயம் அறிந்த பராமரிப்பு: காவிரிப் படுகைப் பேரிடர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

உளக்காயம் அறிந்த பராமரிப்பு என்பது புதியதொரு சிகிச்சை முறையன்று. மருத்துவமனை, பள்ளி, நிவாரண அலுவலகம் முதலிய அமைப்புகள் தம்மை நாடி வருவோரை எதிர்கொள்ளும் முறையில் செய்துகொள்ளும் மாற்றமே அது. மேக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் ஆகியோர் 2001இல் இக்கருத்தை முறைப்படுத்தினர். அமெரிக்க அரசின் மனநலச் சேவைகள் நிருவாகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, உளக்காயத்தின் பரவலை உணர்தல், அறிகுறிகளை இனங்காணல், அவ்வறிவை நடைமுறைப்படுத்தல், மீள்காயம் நேராது தடுத்தல் என நான்கு கூறுகளை முன்வைக்கிறது. காவிரிப் படுகையைப் பொறுத்தவரை நான்காவது கூறே முதன்மையானது எனலாம்.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் உயிரிழந்தனர். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்றுதான் வெளிவந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் விசாரணை ஆணையம், வழக்கு, இழப்பீடு என ஒரே இழப்பு பல வாயில்களில் நிறுவப்பட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாயிலிலும் கேட்கப்படும் வினா தனித்து நோக்குமிடத்து நியாயமானதே. அவற்றின் கூட்டு விளைவை அளப்பதற்குத்தான் எந்த அமைப்பும் இல்லை. ஒருமுறை பதிவான வாக்குமூலத்தை இசைவுடன் பகிர்தல், கேட்கப்படுவது யாதென முன்னரே அறிவித்தல், நிறுத்தச் சொல்லும் உரிமை வழங்கல், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுமுன் குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடுதல் ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல.

அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைத் தாக்கியது. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களுக்கு உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. இப்பணி மனநல மருத்துவருக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு அது சான்றாகும்.

இழப்பு உயிரிழப்பாகவே இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என வழங்கும் நிலத்தில் வீழ்ந்த மரங்களை எண்ணுதல் வெறும் கணக்கெடுப்பன்று. இதனைக் கணக்கெடுக்க வருபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

‘மன அதிர்ச்சி’ என்னும் வழக்குச் சொல் நொடிப்பொழுது நிகழ்வையே குறிப்பதால், நாட்பட நிற்பதை உணர்த்தும் ‘உளக்காயம்’ பொருத்தமுடையது. எனினும் படுகை மக்கள் இவ்விரண்டையும் கூறுவதில்லை. ‘பயந்துட்டான்’, ‘மனசு விட்டுப்போச்சு’ என்பர். மந்திரித்துக் கயிறு கட்டிய பின்னரே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோரும் உளர். அக்கயிற்றைக் கண்டு நகைக்கும் பணியாளரிடம் அவர்கள் மறுமுறை வாய் திறப்பதில்லை. அதே புயலில் தம் வீட்டுக் கூரையை இழந்தபின் பணிக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரும் இப்பராமரிப்புக்கு உரியவரே. பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் அவரைப் பராமரிப்பு வழங்குபவராக மட்டுமே கருதுகின்றன.