பாஞ்சாலங்குறிச்சியில் எது பழைய கோட்டை?

போன மாசம் அக்கா மகனைக் கூட்டிக்கிட்டு பசுவந்தனையிலிருந்து ஓட்டப்பிடாரம் வழியா பாஞ்சாலங்குறிச்சி போனேன். உள்ளே நுழைஞ்சதும் மதிலைச் சுத்திப் பார்த்துட்டு அவன் கேட்டான்: "மாமா, குண்டு பட்ட இடம் எங்க?"

அப்படி ஒரு இடம் அந்த மதிலில் கிடையாது. நாம பார்க்கிற கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பள்ளிக்கூடத்துல சுற்றுலா போனப்ப இதைத்தான் கட்டபொம்மன் கோட்டைன்னு நானும் நம்பிட்டு வந்தேன். பழைய கோட்டையின் எச்சம் பக்கத்திலேயே, தொல்லியல் துறை பாதுகாப்பில், தரையோடு தரையா அடித்தளமாக இருக்கு.

பழையது மண்கோட்டை. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், சுற்றிலும் முள்வேலி. மண்ணுதானேன்னு லேசா நினைக்கக் கூடாது. கல்சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சரியும். தடித்த மண்சுவரில் குண்டு புதைந்துபோகும். இடிந்தாலும் அடைக்க மண் காலடியிலேயே கிடக்கு.

அதுக்குச் சாட்சி அந்தக் கோட்டையின் கதையேதான். 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மேன் நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. ஆனால் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கும்பினியார் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, ஊர்சனங்களோடு சேர்ந்து சில நாட்களிலேயே அதைத் திரும்ப எழுப்பினார். மார்ச் 31-ல் கும்பினிப் படை மறுபடியும் தாக்கித் தோற்றது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகு, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அப்புறம் தரைமட்டம். அந்த வருஷம் நவம்பரில் ஊமைத்துரையையும் அங்கேயே தூக்கிலிட்டார்கள்.

நினைவுக்கோட்டை வேண்டாம்னு நான் சொல்லலை. உள்ளே இருக்கிற சுவரோவியங்களைப் பையன் ஒவ்வொண்ணா நின்னு பார்த்தான். ஆனா இது எப்போ கட்டினதுன்னு பிள்ளைகளிடம் சொல்லிடணும். இல்லேன்னா, இந்தக் கோட்டையை ஏன் தரைமட்டமாக்கினாங்கங்கிற கேள்வியே அவங்களுக்கு வராமப் போயிடும்.

போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்றேன். முதல்ல அடித்தளத்தைப் பாருங்க. அடுத்து, கோட்டைக்கு அருகிலுள்ள வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள். மண்சுவர் வாங்கிய விலை அங்கே தெரியும். பிறகு ஜக்கம்மா கோவில், கடைசியா நினைவுக்கோட்டை. நேரமிருந்தா கயத்தாறு: தூக்கிலிட்ட இடத்தில் 1970-ல் நடிகர் சிவாஜி கணேசன் எழுப்பிய சிலை நிக்குது.

திரும்பும்போது பையன் அடித்தளத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தான். "இதுலயா மாமா கட்டுனாங்க?"ன்னான். இதுலதான்னேன்.